கடைசி பெஞ்சுக்கு வரும் கேள்வி

மத்தியான வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைகள்மேல் கோடு கோடாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. ஆசிரியை கவிதையை வாசித்து முடிக்கிறார். அதில், பிழைக்க நகரத்துக்கு வந்த ஒருவன், ‘அறை வாடகைக்கு’ என்ற பலகையைப் பார்த்து மாடியேறுகிறான். கதவைத் திறந்தவர் அவன் நிறத்தைப் பார்த்ததும் பலகையைத் திருப்பி மாட்டிவிடுகிறார். “ஏன் திருப்பி மாட்டினார்? யாரு சொல்றீங்க?” கேட்கும்போதே அவர் பார்வை எல்லா வரிசைகளையும் தாண்டி, கடைசி பெஞ்சில், வகுப்பிலேயே கறுத்தவளிடம் வந்து நிற்கிறது. “நீ சொல்லேம்மா.” பரிவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. அவளுக்குத் தெரியாமல் என்ன? போன மாதம்தான் அப்பாவோடு வீடு தேடி எத்தனையோ வாசல்படி ஏறி இறங்கினாள். போன வாரம் நிலாவைப் பற்றிய கவிதையில் கேட்ட கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. தோள் கடுக்கக் கடுக்கக் கையைத் தூக்கியே வைத்திருந்தாள், டீச்சர் கண்ணில் படவே இல்லை. இன்று அந்தக் கை மடியில் சும்மா கிடக்கிறது. மெல்ல எழுந்து நிற்கிறாள். “தெரியல டீச்சர்.” ஆசிரியையின் முகம் வாடிப்போகிறது. “உனக்கே தெரியலையா?”