கட்டைவிரல்

பீன்யா தொழிற்பேட்டையில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் கம்பெனி வாசலில் பிரபா கட்டைவிரலை வைக்கும்போதெல்லாம், வருகைப்பதிவு மெஷின் "அப்பாதுரை" என்று காட்டி, தேங்க் யூ என்றது. அப்பாதுரை செத்து மாதக்கணக்காகிறது. மெஷினையே மாற்றிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் பெயர்தான் வந்தது.

தனக்கு இது வேண்டியதுதான் என்று பிரபா இருந்துவிட்டாள். அவள் லீவு போட்ட நாளில், அவளுடைய பிரஸ்ஸை ஓட்டப் போய்த்தான் அவர் அதில் சிக்கிச் செத்தார்.

இன்று காலையும் அதே பெயர். பின்னால் நின்ற மேனேஜர் ராகேஷ் சிரித்தார்.

"அன்னிக்கு நீ வந்திருந்தா பாவம், அந்த மனுஷன் இருந்திருப்பாரு. இல்லியாம்மா?"

இதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். இன்று திரும்பி நின்றாள்.

"எம் புள்ளைக்கு ஜுரம், லீவு போட்டேன். ஆள் குறுக்க வந்தா மெஷின் நிக்கிறதுக்கு ஒரு சென்சார் இருந்துச்சே சார். வேலை ஸ்லோ ஆவுதுன்னு அத்த கழட்டச் சொன்னது நானா?"

வரிசையில் நின்றவர்கள் ராகேஷைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டைமாச்சு. பேக, சீக்கிரம் நடம்மா."

"போறேன் சார். எம் பேரு வரட்டும், போறேன்."

விரலை மறுபடி அழுத்தினாள். "பிரபா" என்று வந்தது. அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அடுத்து ராகேஷ் விரலை வைத்தார். திரையைப் பார்த்தார். விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தார். வரிசை பொறுமையாகக் காத்திருந்தது. மெஷின் ஒவ்வொரு முறையும் "அப்பாதுரை" என்று காட்டி, தேங்க் யூ என்றது.