முக்கால் கட்டு

செங்கல் சூளையில் மத்தியானம் வரை சுமந்த சாம்பி என்ற பெட்டைக் கழுதைக்கு, மேஸ்திரிக் குரங்கு அரைக் கட்டுப் புல்லைத் தூக்கிப் போட்டது.

"குட்டிக்குப் பால் கொடுக்க ஓடுறவளுக்கு அரைக் கூலிதான். பொழுது சாயுற வரைக்கும் நில்லு, முழுக் கூலி தர்றேன்."

அரைக் கட்டில் தாய்க்கும் குட்டிக்கும் வயிறு நிறையவில்லை. மறுநாள் சாம்பி குட்டியையும் கூடவே இழுத்து வந்து, காரி என்ற ஆண் கழுதைக்குச் சமமாகப் பொழுது சாயும்வரை சுமந்தது. காரிக்கு முழுக் கட்டு விழுந்தது. சாம்பிக்கு முக்கால்.

"இது என்ன கணக்கு மேஸ்திரி?"

"முழு நாள் நின்னாலும் பெட்டைக்கு முக்கால்தான். அக்கரைச் சூளையில அதுகூடக் கிடையாது. நீ கொடுத்து வெச்சவ."

"ஏன் என்னை அக்கரைப் பெட்டையோடயே ஒப்பிடுறீங்க? பக்கத்துல நிக்கிற காரி கண்ணுக்குத் தெரியலையா?"

காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லை மென்றது.

அடுத்த நாள் முதுகில் முழுச் சுமைக்கான நான்காவது வரிசைக் கல் ஏறியதும் சாம்பி தரையில் உட்கார்ந்துவிட்டது.

"ஏ கழுதை, எழுந்திரு!"

"கழுதைதான். ஆனா முக்கால் கட்டுக்கு மூணு வரிசைன்னு தெரிஞ்ச கழுதை."

மற்ற பெட்டைகளும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. வேறு வழியில்லாமல் மேஸ்திரி நான்காவது வரிசைகளை இறக்கி, காரியின் முதுகில் அடுக்கத் தொடங்கியது.

காரி பதறிப்போய்த் திரும்பியது.

"ஏன் மேஸ்திரி, அவங்களுக்கும் முழுக் கட்டே போட்டுடுங்களேன். பாவம், அவங்களும் நம்மள மாதிரிதானே உழைக்கிறாங்க!"