தொட்டி மண்ணில் ஈரம்

"தினமும் காலையில தரையில சொட்டுச் சொட்டா தண்ணி கிடக்கு. யாரோ உள்ளே வந்துட்டுப் போறாங்கண்ணே. பூட்டை மாத்தியும் நிக்கல. தனியா இருக்க பயமா இருக்கு!"

உரம் வைக்க வந்த செடிக்கடைக்காரர் மணிபிளாண்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இலை நுனியில் ஒரு சொட்டு தொங்கியது.

"திருடன் இதோ நிக்கிறான் தங்கச்சி! தண்ணி அதிகமானா இந்தச் செடி இப்படித்தான் இலை வழியா சொட்டும்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அவர் தொட்டிக்குள் விரலை விட்டார். "மண்ணு சேறா இருக்கே! தினமும் ஊத்தினா வேர் அழுகிடும்மா."

"நான் ஊத்தியே பத்து நாளாச்சே! வாடலையேன்னு விட்டுட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. "பூட்டை எப்ப மாத்தினே?"

"போன வாரம். சாவி என்கிட்ட மட்டும்தான்."

அவர் பார்வை மெல்லப் பரண் பக்கம் போனது.

"தங்கச்சி," என்றார் குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாம என்கூட வெளியே வா."