மூன்றாவது பவர் சப்ளை

"மறுபடியும் பொட்டுன்னு அணைஞ்சிடுச்சுப்பா" என்றார் பல் டாக்டர், போனில்.

மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. டாக்டரின் கேமிங் கம்ப்யூட்டரில், உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையை அவன் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.

முதலில் உள்ளே இருந்தது பேர் ஊர் தெரியாத ஒரு டப்பா. கையில் எடுத்தால் காலித் தீப்பெட்டி கனம்கூட இல்லை. "கேம்ல குண்டு வெடிக்கிறப்போ கிராஃபிக்ஸ் கார்டு திடீர்னு கரண்டை இழுக்கும் டாக்டர். அதைத் தாங்குற அளவுக்கு இதுல சரக்கு இல்ல" என்று சொல்லி, நல்ல கம்பெனியுடையதாக ஒன்று போட்டான். சில நாளில் அது அணைந்தது. அடுத்து, நீண்டகால உத்தரவாதத்தோடு இன்னொன்று. அதுவும் அணைந்தது. கழற்றிக்கொண்டு போய் டெஸ்டரில் மாட்டினால் இரண்டுமே சமர்த்தாக ஓடின.

அக்கம்பக்கத்தில் அவன் பெயர் கெட ஆரம்பித்திருந்தது.

இந்த முறை அவன் தூக்கிக்கொண்டு வந்தது ஆயிரத்து இருநூறு வாட்ஸ். மொத்த வியாபாரியிடம் கேட்டபோதே, "எதுக்கு, வெல்டிங் பட்டறைக்கா?" என்றார்.

கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி.

"வாங்க தம்பி. எந்தப் பேஷண்டுக்கும் அவர் இப்படிக் காத்துட்டு இருந்ததில்ல."

"உங்களுக்கு இந்த கேம் எல்லாம் பிடிக்காதோம்மா?"

"ஐம்பது வயசுல மெஷின் கன்னைத் தூக்கிட்டு ஓடுறாரு. பிடிக்குமா?"

அவன் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். பழையதைக் கழற்றி, புதியதைத் திருகி, வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினான்.

"விளையாடுங்க டாக்டர். இந்தத் தடவை நான் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறேன்."

டாக்டர் ஹெட்போனை மாட்டினார். கூட விளையாடுபவர்கள் எல்லாரும் காலேஜ் பையன்கள்.

"இடது பக்கம் நான் பார்த்துக்கறேன் தம்பிகளா. நீங்க தைரியமா முன்னாடி போங்க."

திரையில் ஒரு ஜீப் வெடித்துச் சிதறியது.

"அது நம்ம ஜீப்பா? சாரிப்பா."

அடுத்து ஒரு குண்டை எறிந்தார். அது சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவர் காலடியிலேயே விழுந்தது.

"சாரிப்பா. பக்கத்துல நீங்க ரெண்டு பேர் நிக்கிறீங்கன்னு தெரியாது. சாரிப்பா..."

பொட்.

எல்லாம் அணைந்தது.

"பார்த்தியா?" என்றார் டாக்டர்.

மெக்கானிக் பார்த்தான். அவன் பார்த்தது பெட்டியை அல்ல, மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன லைட்டை. அதுவும் அணைந்திருந்தது. மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பவர் சப்ளை போனால் பெட்டிதான் சாகும். மானிட்டர் எதற்குக் கூடச் சாகிறது?

இரண்டும் செருகியிருந்த பிளக் பாயிண்டிலிருந்து சுவரோரமாகத் தனி வயர் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தான். கூடத்தைத் தாண்டி, சமையலறைக்குள் போய், வாஷிங் மெஷினுக்கு மேல் ஒரு சுவிட்சில் முடிந்தது.

சுவிட்சின் மேல் டாக்டரின் மனைவியுடைய விரல் இருந்தது. இன்னொரு கையில் கரண்டி.

"நீங்கதானா?" என்றான். "என் தொழில் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சும்மா. பிடிக்கலேன்னா அவர்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

அவள் சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"பிடிக்காம யார் அணைச்சா? அவர் 'சாரிப்பா'ன்னு ஆரம்பிச்சா தோக்கப்போறார்னு அர்த்தம். தோத்தா அந்தப் பசங்க திட்டுவானுங்க. ஒரு நாள் ஹெட்போன் இல்லாம விளையாடினப்போ கேட்டேன். காது கூசிடுச்சு. அன்னிக்கு மனுஷன் சாப்பிடவே இல்ல தம்பி."

"அதுக்காக..."

"கிளினிக்ல அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கிறவங்க என்னத்தைச் சொல்லுவாங்க? அவருக்குத் திட்டு வாங்கிப் பழக்கமில்ல. நடுவுல அணைஞ்சுட்டா, 'பாவம் அங்கிள், பவர் சப்ளை போச்சு'ன்னு விட்டுடுறானுங்க. இவரும் 'இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்'னு சொல்லிட்டு நல்லா சாப்பிடுறாரு."

"அப்போ நான் எவ்வளவு பெருசு போட்டாலும்?"

"நீங்க நல்லதாவே போடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மெக்கானிக் அறைக்குத் திரும்பினான். சொல்லாவிட்டால் தொழில் கெடும். சொன்னால் ஒரு குடும்பத்தில் சாப்பாடு கெடும்.

"டாக்டர், பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு. வந்து..."

டாக்டர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார்.

"சமையலறை வரைக்கும் போனியா?"

அவன் தலையாட்டினான்.

"எனக்குத் தெரியும்ப்பா. ரொம்ப நாளாவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு டாக்டர் இத்தனை பவர் சப்ளை?"

"நடுவுல ஒரு தடவை அணைஞ்சப்போ உன்னைக் கூப்பிடாம விட்டேன். எனக்குத் தெரிஞ்சிடுச்சோன்னு அவ அன்னிக்குப் பூரா என் முகத்தைப் பார்க்காமலே அலைஞ்சா."

சொல்லிவிட்டு டாக்டர் கதவைத் திறந்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, நன்றாகக் கேட்கும்படி சொன்னார்:

"ம்ஹும், இதுவும் தாங்கலப்பா. இதைவிடப் பெருசா ஏதாவது வருதான்னு பாரு."