வாசலில் விழுந்த புள்ளி

வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

ஆபீஸில் உட்கார்ந்திருந்த அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தான்.

பயிர் நிற்கிற காடு இல்லை. கூரை தெரிந்தது. யாரோ இலையைப் பறித்துக்கொண்டுபோய் வீட்டில் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வழக்கமான கூத்துதான்.

விவசாயிகள் அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. எத்தனை முறை சொல்வது? புழு இருக்கும் இடத்திலேயே நின்று எடுங்கள், எடுத்த இடத்தைப் போனே குறித்துக்கொள்ளும், அங்கேதான் மருந்தடிக்க ஆள் வரும் என்று. தலையாட்டுவார்கள். பிறகு இலையைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு, டவர் கிடைக்கிற டீக்கடையில் வந்து எடுப்பார்கள். வரைபடத்தைப் பார்த்தால் படைப்புழு மக்காச்சோளத்தை விட்டுவிட்டு பஜ்ஜிக்கு அலைகிறது.

போன வாரம் தனக்கொடியும் பருத்தி இலையைக் கிள்ளிவந்து அதைத்தான் செய்தாள். கட்டின பெண்டாட்டி என்று பாராமல், ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பார்க்க, 'இந்தப் படம் செல்லாது' என்று போட்டான்.

வேலையில் கறாராம். மண்ணாங்கட்டி.

அன்று சாயங்காலமே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. மாமியாரைக் கேட்டால், காட்டில் இருக்கிறாள் என்று ஒரே பதில். பொழுதன்றைக்குமா காட்டில் இருப்பாள்?

வீடு வெறிச்சோடிக் கிடந்தது. தானே பொங்கிய சோற்றைப் பாதியிலேயே மூடிவைத்தான். அவள் இல்லாமல் அவனுக்கு ஆகாது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

புள்ளியை அழிக்கப் போன விரல் நின்றது.

கிணறு. பக்கத்தில் தகரக் கொட்டகை. அதை ஒட்டி ஓட்டு வீடு.

அவன் வீடு.

படத்தைத் திறந்தான். புழு அரித்த மக்காச்சோள இலை. அவன் காட்டில் பருத்தி மட்டும்தான். இது மாமியார் காட்டு இலை. அங்கே பறித்து, பஸ் ஏறி, இங்கே கொண்டுவந்து எடுத்திருக்கிறாள். இலையைப் பிடித்திருந்த விரலில் அவன் போட்ட மோதிரம். பின்னால் அவர்கள் வாசற்படி.

கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்.

"இதுவும் பறிச்ச எலதான். செல்லாதுன்னு சொல்லுவீங்களா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே குழுவில், எல்லாரும் பார்க்க, 'இந்தப் படம் செல்லும்' என்று போட்டான். பைக் சாவியைத் தேடினான்.

புள்ளி அப்படியே இருந்தது. காலையில் மருந்தடிக்கிறவர்கள் நேரே அவன் வீட்டுக்குத்தான் வந்து நிற்பார்கள்.

வரட்டும். வீட்டில் ஆள் இருக்கிறது.