குளிரைக் கூட்டும் குமிழ்

ஜவுளிக்கடை முதலாளிகளான அண்ணன் தம்பியின் சண்டை தாங்காமல்தான் ஏசி மெக்கானிக் சகாயராஜ் மூன்று வருடம் முன்பு சுவரில் அந்தக் குமிழை மாட்டினான். அண்ணன் தவசிலிங்கத்துக்கு எந்நேரமும் குளிரும். தம்பி மணிராஜுக்கு எந்நேரமும் வேர்க்கும். இருவரும் மாறி மாறித் திருகிக்கொண்டார்கள், இருவருக்கும் சுகமாகத்தான் இருந்தது. அதற்கு ஒயரே கிடையாது என்பதும், குளிரைக் கட்டுப்படுத்தும் நிஜமான பெட்டி மாடியில் இருபத்துநான்கு டிகிரியில் பூட்டிக் கிடக்கிறது என்பதும் சகாயராஜுக்கு மட்டுமே தெரியும். இன்றைக்குத் தம்பி ஒற்றைக்காலில் நின்றார்.

"அது அண்ணன் சீட்டுப் பக்கமே இருக்கு. கழட்டி என் தூணுல மாட்டுடே."

"ஒயரு எட்டாதே அண்ணாச்சி."

"துணி அளக்குறவன்கிட்டயே நீளம் சொல்லுதியா? எட்டலன்னா நீட்டு."

அவன் பிழைப்பில் பாதி இந்தக் கடையின் பராமரிப்பு ஒப்பந்தம். நாலே நாலு திருகாணியை நாற்பது திருகாணிபோலக் கழற்றினான். கடைசியும் வந்துவிட்டது. பின்னால் வெறும் சுவர், ஒரு பல்லி முட்டை. இரண்டு தலைகளும் எட்டிப் பார்த்தன. மேலே காற்று வரும் துவாரத்தில் கட்டிய ரிப்பன் வழக்கம்போலப் படபடத்துக்கொண்டிருந்தது. எந்நேரமும் குளிருகிற அண்ணன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"கழட்டுன ஒடனே எப்படி அவியுது பாத்தியா மணி!"

"ஆமாண்ணே, மூச்சு முட்டுது. ஏலே, பராக்குப் பாக்காம எங்கயாச்சும் மாட்டு!"

சகாயராஜ் நெற்றியைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க ஊற்றியது.