பாலம் வரைக்கும்
விடியற்காலையில் பிரசவம் பார்க்கக் கிளம்பிய நர்ஸ், நடுரோட்டில் குனிந்திருந்த பஞ்சர் கடைக்காரரைக் கண்டு சைக்கிளை நிறுத்தினாள். அவர் கையிலிருந்த டப்பா நிறைய ஆணி.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா? ஆணியைப் போட்டுத்தான் பொழப்பு நடக்குதா?"

அவர் பதறிப்போய், கயிற்றில் கட்டிய காந்தத்தைக் காட்டினார். "போடலம்மா, பொறுக்குறேன். மரப்பட்டறை வண்டியிலேருந்து தினமும் கொட்டுது."

"பஞ்சரானாத்தானே உங்களுக்கு வருமானம்?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது. போன வருஷம் என் பொண்ணுக்குப் பிரசவம் பார்க்க வந்தப்போ, இங்கதான் உங்க டயர் பஞ்சராச்சு. சைக்கிளைப் போட்டுட்டு ஓடியே வந்தீங்க. பேரன் பொழச்சான். அன்னிலேருந்து பொறுக்குறேன்."

ஒரு வருடமாகத் தன் சைக்கிள் ஒருமுறைகூடப் பஞ்சராகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிளம்புங்கம்மா, அங்க காத்துக்கிட்டிருப்பாங்க. பாலம் வரைக்கும் பொறுக்கிட்டேன்."